மருந்தும் ரவையும் வாசல்படியும்

தென்காசி வட்டாரத்தில் வீட்டைக் காத்த பெண் என்று சொன்னால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது கடையம் பக்கத்துக் கல்யாணிபுரத்து அம்மாதான். 2019 ஆகஸ்ட் 11 இரவு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவரின் கழுத்தைப் பின்னாலிருந்து வந்த முகமூடிக்காரன் துண்டால் இறுக்குகிறான். இன்னொருவன் கையில் அரிவாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அந்த அம்மா முதலில் எடுத்தது காலடியில் கிடந்த செருப்பு. அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. இருவருமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் எறிந்து அவர்களை விரட்டினார்கள். கையில் வெட்டு, கழுத்துச் சங்கிலி போயிற்று, உயிர் பிழைத்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. நான்கே நாளில் சுதந்திர தின விழாவில் தம்பதிக்கு வீர விருது கிடைத்தது. அப்போது கடையம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டமாயிற்று.

அந்தக் காட்சியைப் பார்த்த ஆண்கள் சிலர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை: "ஒரு துப்பாக்கி மட்டும் இருந்திருந்தா..." இருந்திருந்தால் என்ன? அது யார் கையில் இருந்திருக்கும்? எந்த அறையில், எந்தப் பூட்டுக்குள்? அதன் உரிமம் யார் பெயரில்? பெண்ணும் துப்பாக்கியும் பற்றி நம் பக்கத்து வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது இந்தக் கேள்விகளால்தான்.

வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னாலே மாணவிகள் சிரிப்பார்கள். வான்சிறப்பு அதிகாரத்தில் ஒரு குறளில் 'துப்பாக்கி' என்றே வரும். வள்ளுவர் சுடச் சொல்லவில்லை. அங்கே அதற்கு உணவாக்கி என்று பொருள். நாம் கையில் பிடிக்கும் துப்பாக்கி துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல். சோறாக்குவதும் சுடுவதும் ஒரே எழுத்துக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் மொழி நம்முடையது. இதற்கு மேல் இதில் தத்துவம் எதுவும் இல்லை. சொல்லாமல் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ராயகிரியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாளையத்தின் பெயர் வந்துவிடும். சிவகிரி, தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி, பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல். வாசுதேவநல்லூர்க் கோட்டையை 1767இல் கர்னல் டொனால்டு கேம்பல் பிடித்த கதை இங்கே பாடப்புத்தகத்துக்கு வெளியிலும் வாழ்கிறது. அந்தக் கதைகளில் பெண் எங்கே என்று கேட்டால் வேலு நாச்சியாரைச் சொல்வார்கள். 1772இல் காளையார்கோயிலில் கணவரை இழந்து, விருப்பாச்சியில் எட்டு ஆண்டு காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு சிவகங்கையை மீட்டவர். அவர் அரச குலம். ஆயுதப் பயிற்சி அவருக்குச் சீதனம் போல வந்தது. என் அத்தைக்கோ உங்கள் அம்மாவுக்கோ அவரை முன்மாதிரியாகச் சொல்வது, வயிற்றுவலிக்காரிக்கு மலையேறச் சொல்வது போல.

எனக்கு அதிகம் பிடித்த கதை பெயரில்லாத ஒருத்தியுடையது. பாஞ்சாலங்குறிச்சி 1801 மே 24 அன்று விழுந்தது. கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் அச்சான தன் நினைவுக் குறிப்புகளில், பின்னர் கேட்டறிந்த ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். போர் ஓய்ந்த களத்தில் தங்கள் பிணங்களைத் தேடிப் பெண்கள் வருகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் காண்கிறாள், உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அவனோ, என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். வீட்டில் துப்பாக்கி இல்லை, ஈட்டி இல்லை, ஆண் இல்லை. பெண்கள் உடம்பின் மேல் துணியைப் போர்த்திவிட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். வைசூரியில் போய்விட்டான் என்கிறார்கள். தேடி வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள்.

இந்தத் தந்திரத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் நுழையமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பிணத்தருகே பெண் அழுதால் ஆண்கள் தள்ளி நிற்பார்கள் என்பதும் தெரியும். வீட்டுக்குள் அடைத்துவைக்கப்பட்டவர்களின் அறிவு அது. அந்த ஒப்பாரியைக் கும்பினி ஆயுதப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஊமைத்துரை பிழைத்து மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்து இன்னும் சில மாதம் போரிட்டார். அந்தத் தாய்க்கு மட்டும் பெயர் இல்லை. வெல்ஷ் கேட்டு எழுதவில்லை. நம் ஆட்களும் கேட்டு வைக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி ஆளுநர் எட்வர்டு கிளைவ் பெயரில் வந்த பிரகடனம் பாளையக்காரர்களின் படையையும் அனுமதியில்லாத ஆயுதங்களையும் ஒழித்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஊரிடம் காவல் கூலி வாங்கிக் காத்து நின்றவர்கள் ஒரே நாளில் சட்டத்துக்கு வெளியே போனார்கள். பாளையத்து ஆணின் வீரம் பறிபோனது என்று பெருமூச்சு விடும் கட்டுரைகள் நிறைய உண்டு. காவல்காரன் ஈட்டியைக் கீழே வைத்தபிறகு அவன் மனைவி அடுப்பில் எதை வைத்தாள் என்ற கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை.

1878இல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அதே ஆண்டில்தான் அவர் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தார். அந்தச் சட்டம் 1882இல் போய்விட்டது. ஆயுதச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. நமக்குக் கிட்டத்தில், மேற்கு மலையின் வடக்கே, குடகர்களுக்கு மட்டும் வெள்ளையர் காலத்திலேயே கொடுத்த விலக்கு இன்றும் உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கைல்பொழுது பண்டிகையில் அங்கே துப்பாக்கிக்குப் பூ வைக்கிறார்கள். தேங்காய் சுடும் போட்டியில் பெண்களும் குறி வைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்த உரிமையும் பிறப்பால் வருவது என்பதை மறந்துவிட்டுக் கைதட்ட என்னால் முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தின் மிகப் புகழ்பெற்ற கைத்துப்பாக்கி செங்கோட்டைக்காரர் கையில் இருந்தது. வாஞ்சிநாதன் புதுச்சேரிக்குப் போய் வ.வே.சு. ஐயரிடம் சுடக் கற்று, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதே பிரௌனிங்கால் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் நாட்டு விடுதலையோடு சனாதன தர்மத்தையும் பேசியது என்பதைப் பலர் சொல்லாமல் கடக்கிறார்கள். அந்த ரயில் பெட்டியில் ஆஷின் மனைவி மேரி இருந்தார். செங்கோட்டையில் வாஞ்சியின் மனைவி பொன்னம்மாள் இருந்தார். ஒரு காலை நேரத்தில் இரண்டு பெண்கள் கைம்பெண் ஆனார்கள். பயிற்சி, குறி, தியாகம் எல்லாம் ஆண்களுக்குள் நடந்த பேச்சு.

தமிழ்ப் பெண்கள் திரளாக, வரிசையில் நின்று, முதல் துப்பாக்கியைக் கையில் வாங்கியது இந்த மண்ணில் அல்ல, சிங்கப்பூரில். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் 1943 ஜூலை 12 அன்று சுபாஷ் சந்திர போஸுக்கு மரியாதை அணிவகுப்பு தர இருபது பெண்களைத் திரட்டினார். சேலைதான் உடை. கையில் .303 ரைஃபிள், ஏறக்குறைய நான்கு கிலோ. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் சுமந்த தோளுக்கு நான்கு கிலோ பெரிதல்ல என்று நமக்குத் தோன்றும். ஆனால் எடையைச் சுமப்பது வேறு, அசையாமல் தோளில் அணைத்துப் பிடித்து மூச்சை நிறுத்திக் குறி பார்ப்பது வேறு. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்க் குடும்பப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் இந்திய விடுதலைக்காகச் சேர்ந்தார்கள் என்று சொல்வது பாதி உண்மை. தோட்டத்துத் துரையிடமும் கங்காணியிடமும் தலை குனிந்து நின்ற பெண்ணுக்கு, நிமிர்ந்து நில் என்று ஒரு முகாம் கட்டளையிட்டது. அதற்காகவும் சேர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். வசதியான வீட்டுப் பெண்ணான ஜானகி தேவர் தன் வைரத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்து, அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரானார். பின்னாளில் மலேசிய மேலவையில் உட்கார்ந்தார்.

போர்முனைச் சண்டை அவர்களுக்குப் பெரிதாக வாய்க்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இன்று நம் கல்லூரிகளில் என்.சி.சி. மாணவிகள் .22 ரைஃபிளில் சுடுகிறார்கள். பெண்கள் பிரிவு 1949இலேயே தொடங்கியது. தரையில் குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, இருபத்தைந்து மீட்டரில் இருக்கும் தாளைப் பார்த்துச் சுட்டுவிட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் பாடம் சுடுவது அல்ல: காலியான துப்பாக்கியையும் நிறைந்ததாக நினை, சுடும் நொடி வரை விரலை விசையிலிருந்து விலக்கி வை, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இந்த மூன்றாவதை எங்கள் ஊர் வீடுகளில் நினைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு, இந்தப் பக்கம் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருக்கும் பட்டாசாலை. எந்தத் திசையில் குறி வைப்பது?

வீட்டுக்கு என்று ஒரு பெண் துப்பாக்கி வாங்க நினைத்தால் வழி என்ன? 1962இல் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். மாநகரில் போலீஸ் கமிஷனரிடமும் மற்ற இடங்களில் கலெக்டர் அலுவலகத்திலும் விண்ணப்பம், போலீஸ் விசாரணை. 2016 விதிகள் வந்தபின் பாதுகாப்பாகக் கையாளவும் பூட்டி வைக்கவும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் .38, 9 மி.மீ., .303 அளவுகள் பொதுமக்களுக்கு இல்லை. மிச்சம் இருப்பது .32 ரிவால்வர், .22, பன்னிரண்டு போர் நீளத் துப்பாக்கி, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது. சொத்தில்லாதவர் என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் பெண்தானே. காகிதத்திலாவது அவளுக்கு வாசல் திறந்திருக்கிறது.

சந்தை அந்த வாசலில் வேறு பொருளை வைத்தது. தில்லியில் 2012 டிசம்பர் கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. அரைக் கிலோ எடை, .32 அளவு, நகைப்பெட்டி போன்ற பெட்டி. விலை 1,22,360 ரூபாய். அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 148 ரூபாய். ஒரு பெண் ஆண்டுக்கு நூறு நாளும் முழுக் கூலி வாங்கி, ஒரு பைசா செலவழிக்காமல் எட்டு ஆண்டுக்கு மேல் சேர்த்தால் வாங்கலாம். ஜானகி தேவர் நகையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். எழுபது ஆண்டு கழித்துத் துப்பாக்கியையே நகைப்பெட்டியில் வைத்து நீட்டுகிறார்கள்.

ராயகிரியில் என் அத்தை வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மலையடிவாரத் தோட்டத்தில் பன்றி இறங்காமலிருக்க மாமா உரிமம் வாங்கி வைத்திருந்தார். சுட்டவர் மாமா. ஆனால் கரிமருந்தை ஈரம் படாமல், அடுப்பு வாடை அண்டாமல் காத்தது, குழலைத் துடைத்து எண்ணெய் போட்டது, உரிமம் புதுப்பிக்கும் தேதியை நினைவு வைத்திருந்தது எல்லாம் அத்தை. முப்பது வருடம். மாமா இறந்தபின் சட்டப்படி துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. உரிமம் பெற்றவர் இறந்தால் வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்குக் கேட்கலாம். மற்ற வாரிசுகளிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். அத்தை மகன் தன் பெயருக்குக் கேட்டான். அத்தைக்கு என்னவோ தன் பெயருக்கே வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"ஏட்டி, நான் வச்சிக்கிடலாம்லா? சட்டத்துல பொம்பளைக்குக் கிடையாதுன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"கிடையாதுன்னு இல்ல அத்தை. நீங்களும் வாரிசுதான். ஆனா ராத்திரி கள்ளன் வந்தா அத வச்சு என்ன செய்வீங்க?"

அத்தை யோசித்தார். மருந்தைக் கொட்ட வேண்டும், நாரை அடைக்க வேண்டும், ரவையைப் போட வேண்டும், மேலும் அடைத்துக் கஜக்கோலால் இடிக்க வேண்டும், கேப்பைப் பொருத்த வேண்டும். "அம்புட்டும் முடியறவரைக்கும் எய்யா சித்த நில்லுன்னு சொல்லணும்" என்று அவரே சிரித்துவிட்டார். அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார்: "சுடதுக்கு இல்லட்டி. எம் பேர்ல ஒண்ணு இருக்கட்டுமேன்னுதான்."

அந்த வீட்டில் என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசியவள் மருமகள். பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "மதினி, அது எங்க பேர்லயும் வேண்டாம், அத்தை பேர்லயும் வேண்டாம். வீட்டுக்குள்ள வரவே வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவன் குடித்துவிட்டு வரும் நாட்களை ஊரே அறியும்.

அவள் சொன்னதை ஆய்வாளர்கள் எண்களில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் குழு 11 நகரங்களில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, அடிக்கும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தால் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு கூடுகிறது என்றது. கலிபோர்னியாவில் 2004 முதல் 2016 வரையிலான பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வு இன்னும் துல்லியம்: தான் கைத்துப்பாக்கி வைத்திருக்காமல், வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர், துணையால் சுட்டுக் கொல்லப்படும் வாய்ப்பு, துப்பாக்கியில்லா வீட்டில் வாழ்பவரைவிட ஏழு மடங்குக்கும் மேல். அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அரிவாளும் மண்ணெண்ணெயும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. ஆனால் கள்ளனுக்காக வாங்குவது யார் பக்கம் திரும்பும் என்பதில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுப் பாதுகாப்பு என்று சொல்லும்போது ஆபத்து வெளியிலிருந்து சுவர் ஏறி வரும் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அவளுக்கு அது வாசல்படி வழியாக, சாவியோடு வருகிறது.

இதைச் சொல்வதால் ஆயுதம் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. அப்படிச் சொல்வது பலருக்கு எளிது, சிலருக்கு ஆபத்து. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவதைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதியில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம். தேவையானால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்கிறது. அந்த விதி வந்த ஆண்டிலேயே ஆகஸ்டில் கொடியன்குளம் சூறையாடப்பட்டது, செய்தது காவல்துறை. தென்மாவட்டங்களில் யார் வீட்டுச் சுவரில் துப்பாக்கி மாட்டியிருந்தது, யார் வீடு எரிந்தது என்பதை நாம் அறிவோம். யாரிடமிருந்து எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று ஒரே மூச்சில் கேட்ட விதி அது. அதன் இரண்டாம் பாதி எத்தனை வீட்டை எட்டியது என்று நம் மாணவிகளில் யாராவது ஆய்வு செய்தால் மகிழ்வேன்.

தற்காப்பு உரிமைக்குத் துப்பாக்கி வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 2012இல் மதுரையில் ஒரு பெண், தன் மகளிடம் முறைகேடாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். இந்திய தண்டனைச் சட்டம் 100ஆம் பிரிவின்படி அது தற்காப்பு என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் முடிவு செய்து அவரை விடுவித்தார். இன்று அதே பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 38 என்ற எண்ணில் இருக்கிறது. வன்புணர்வு நோக்கத்துடனான தாக்குதலையும் அமில வீச்சையும் தடுக்க எதிராளியின் உயிர் போகும் வரையிலும் எதிர்க்கலாம். எந்த எண்ணில் இருக்கிறது என்பதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வதுண்டு. பாடத்திட்டத்தில் இல்லை, பரவாயில்லை.

அத்தையிடம் மருமகள் சொன்னதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை, அதே வீட்டில் இருப்பவர்தானே. ஒரு மாதம் கழித்து மகன் கொண்டுவந்து நீட்டிய ஆட்சேபணையின்மைத் தாளில் அவர் கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடி சரியில்லை என்றார். அடுத்த முறை, நாள் நல்லா இல்லை என்றார். அதற்கடுத்த முறை, மாமா திதி முடியட்டும் என்றார். தன் பெயருக்கும் அவர் விண்ணப்பிக்கவில்லை. துப்பாக்கி இன்னும் காவல் நிலையத்து அறையில் சீட்டு கட்டிக் கிடக்கிறது. பன்றிக்கு இப்போது தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறார்கள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கண்ணாடிக்குக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "அதுக்கு என்ன அவசரம்" என்றார் அத்தை. அடுப்படியில் நின்றிருந்த மருமகள் திரும்பிப் பார்க்காமல் தோசையைப் புரட்டிப் போட்டாள்.